சுவரோட வெளிச்சம்

1

இது சிரிப்புக் கதையாகத்தான் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாரப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். வீட்டு அலங்காரச் சிறப்பிதழ் வருகிறதாம், பெயின்ட் விளம்பரம் நிறைய கிடைத்திருக்கிறதாம், நடுவில் போட லேசாக ஒரு கதை வேண்டுமாம். "புருஷன் பொண்டாட்டி கலர் சண்டை மாதிரி ஏதாவது குடுங்க. படிச்சமா சிரிச்சமா புரட்டினமான்னு இருக்கணும். அழ வெச்சிடாதீங்க."

புருஷன் பொண்டாட்டி சண்டை எழுதி எழுதி எனக்கே அலுத்திருந்தது. அதனால் நாத்தனாரை உள்ளே இழுத்துவிட்டேன். முதல் வரி தானாக வந்தது:

"மஞ்சள் என்றால் சாதாரண மஞ்சள் இல்லை, பட்டப்பகலில் லைட்டை அணைக்க மறந்த மாதிரி ஒரு மஞ்சள்."

நல்ல வரி என்று நினைத்தேன். வேறு நிறத்தில் தொடங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் கையில் வந்தது அதுதான்.

2

கதையில் வருகிற மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் முன்பதிவு கவுன்ட்டரில் உட்காருபவள். சாம்பல் சுவர், சாம்பல் மேஜை, கண்ணாடித் தடுப்பில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாள் முழுக்க ஊர் பெயரைக் கத்துகிற வாய்கள். தன் பிள்ளை கண் விழிக்கிற அறை இப்படி இருக்கக்கூடாது என்று வயிறு தெரியத் தொடங்கியபோதே தீர்மானித்துவிட்டாள். கடையில் கலர் அட்டையைப் புரட்டி மஞ்சளில் விரல் வைத்தாள். அட்டையில் அது தபால்தலை அளவு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஆள் வைக்காமல் தானே ஏணி போட்டு அடித்தான். முதல் கோட்டு முடிந்த மாலையில் அவனுடைய அக்கா வந்து வாசலில் நின்றாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள்.

"ஏம்மா, இது ரூமா சிக்னலா? நிக்கறதா போறதான்னே தெரியலையே."

"பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க அண்ணி."

"பிடிக்காம என்ன. கூலிங் கிளாஸை எங்க வெச்சேன்னுதான் தேடறேன்."

"அக்கா, சும்மா இரு. காஞ்சா அடங்கிடும்" என்றான் அவன் ஏணியிலிருந்து.

"காஞ்சா ஏறும்டா."

ஏறியது. அவள் அந்த அறையில் தனியாக நின்று பார்த்தாள். கை, சேலை, தரை, எல்லாவற்றின் மேலும் மஞ்சள் படிந்து கிடந்தது. தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இதை யாரிடமும் சொல்லாததற்குக் காரணம்

(காரணத்தை எழுதத் தேவையில்லை. நாத்தனார் சிரித்துவிட்டாளே.)

"மாத்திடலாமா? வெள்ளை அடிச்சா முடிஞ்சது" என்றான் கணவன்.

"எதுக்கு? இன்னொரு கோட்டு அடிங்க. அப்பதான் ஒரே சீரா இருக்கும்."

அடித்தான்.

3

பிள்ளை பிறந்தது. குட்டி என்று கூப்பிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கதையின் கடைசி வரிகளை இப்படி முடித்து வைத்திருந்தேன்:

"குட்டி கண்ணைத் திறந்தான். நாலு சுவரையும் பார்த்தான். வீறிட்டு அழுதான். 'பாத்தியா, என் மருமகனுக்கே பிடிக்கலை' என்றாள் நாத்தனார்."

முடிந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பிறந்த குழந்தைக்கு நாலு சுவர் கண்ணுக்குத் தெரியுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. வாசகர்கள் இந்த மாதிரி விஷயத்தில் விட மாட்டார்கள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் என் சிநேகிதிக்குப் போன் போட்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். சிக்னல் ஜோக்குக்கு நன்றாகச் சிரித்தாள். சுவரெல்லாம் தெரியாது, பால் கொடுக்கிற முகம்தான் தெரியும் என்றாள். அப்புறம் கேட்டாள்:

"அந்தக் குழந்தை என்ன கலர்ல இருக்கு?"

"குழந்தையா? சுவர்தான் மஞ்சள்."

"அதனாலதான் கேக்கறேன். வீட்டுக்கு வந்த புதுசுலதான் நிறைய குழந்தைங்களுக்குக் காமாலை தெரியும். முக்கால்வாசி தானா போயிடும். ஒண்ணு ரெண்டு ஏறிடும். அந்த ரூமுக்குள்ள வெச்சிருந்தா ஏறினது எப்படித் தெரியும்? நாங்க தொட்டில்ல மஞ்சள் துணிகூட விரிக்க விட மாட்டோம்."



"கதைதானே, விடு" என்று சொல்லிவிட்டு ட்யூட்டிக்குப் போய்விட்டாள்.

விட முடியவில்லை. ஒரு ஜோக்குக்காக அந்தக் குழந்தையை அந்த அறைக்குள் படுக்க வைத்தவன் நான். அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன்.

4

பார்த்தபோது கிடைத்த காட்சி இது. இதில் ஒரு சொல்லையும் பிறகு மாற்ற முடியவில்லை.

பகல் வேளை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். குட்டி தூங்கிக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து தூக்கம்தான். பாலுக்குக்கூட உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. "நம்ம புள்ள தங்கம். தொந்தரவே இல்ல" என்று கணவன் போன் பண்ணுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாத்தனார் வந்தாள். கை கழுவிவிட்டுத் தொட்டிலருகே குனிந்தாள். நிமிரவே இல்லை.

"ஏம்மா, குட்டி கொஞ்சம் மஞ்சளா இல்ல?"

"சுவரோட வெளிச்சம் அண்ணி."

"கண்ணு ஓரத்துலகூட..."

"சுவரை இன்னும் விடலையா நீங்க?"

"சுவரைச் சொல்லலம்மா."

"தெரியும் விடுங்க. இந்த வீட்டுல எது நடந்தாலும் என் பெயின்ட்டுதான் காரணம். டீ போடறேன், உக்காருங்க."

நாத்தனார் உட்கார்ந்தாள். டீ குடித்தாள். வேறென்னவோ பேசினார்கள். கிளம்பும்போது இன்னொரு முறை தொட்டிலை எட்டிப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.*

அவள் அன்று ஜோக்கடிக்கவில்லை என்பதைக் கவனித்திருந்தால் போதும். அத்தனை மாதமாக அந்தச் சுவரைப் பார்த்து அவள் சிரிக்காமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

* டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தம்பி வீட்டில் அப்படி எதுவும் வைத்திருக்க மாட்டார்கள்.

5

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டதால் நிறத்தை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுகிறவனுக்கு ஏணி வேண்டாம், பிரஷ் வேண்டாம். கம்ப்யூட்டரில் "மஞ்சள்" என்று வந்த இடமெல்லாம் "இளம்பச்சை" என்று ஒரே அமுக்கில் மாற்றினேன். எல்லாமே மாறியது. நாத்தனார் குனிந்து, "குட்டி கொஞ்சம் இளம்பச்சையா இல்ல?" என்றாள்.

(சிரிக்க வேண்டிய இடம். எனக்கு வரவில்லை.)

அதைத் திருத்தினேன். இளம்பச்சை அறை, மஞ்சள் பூத்த குழந்தை. நாத்தனார் கேட்கிறாள். இப்போது எங்கே போவாள் இவள், என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பிறந்த குழந்தைன்னா அப்படித்தான் இருக்கும் அண்ணி. நீங்க பெத்திருந்தா தெரியும்."

நான் எழுத நினைத்த வரியே இல்லை இது. அவளாகச் சொன்னாள்.

சரி என்று மஞ்சளையே திரும்பப் போட்டேன். நாத்தனாரை எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பினேன். அவள் பேச்சுவாக்கில், "குழந்தை மஞ்சளா இருக்கான் போலிருக்கே" என்றாள். அவ்வளவுதான். இவள் குட்டியை வாரிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். வெளி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆட்டோவுக்குச் சொன்னாள். குட்டி கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் நீல விளக்கடியில் கிடந்துவிட்டு நிறம் தெளிந்து வீட்டுக்கு வந்தான்.

ஆகவே சுவர் இல்லை. அதே சுவருக்குள் அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. யார் சொன்னார்கள் என்பதில்தான் இருந்தது எல்லாம்.

பக்கத்து வீட்டுக்காரியை வைத்துக்கொண்டே முடித்திருக்கலாம். ஆனால் அவள் அன்று வரவில்லை. நாத்தனார்தான் வந்தாள்.

(சோபா வாங்கப்போன ஒரு குடும்பத்தின் கதையை எழுதி ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது என்றார்.)

6

குட்டியின் அழுகை மாறியது. கம்பியை இழுத்தது போல மெல்லிசாக, கூர்மையாக. முதுகை வில்லாக வளைத்தான். அப்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்களைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே போட்டார்கள். ரத்தத்தை மாற்றினார்கள். உயிர் தங்கிவிட்டது.

டாக்டர் மூன்று பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். "இவ்வளவு ஏறியிருக்கு. வீட்ல யாருமே கவனிக்கலையா?"

கணவன்தான் பதில் சொன்னான். "மஞ்சள் பெயின்ட் டாக்டர். அந்த ரூமுல தெரியல. நான்தான் அடிச்சேன். ரெண்டு கோட்டு."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

நாத்தனார் ஏன் பேசவில்லை என்பதில் எனக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது. தம்பி பெண்டாட்டி மேல் இரக்கமா? பின்னால் உதவும் என்று முடிந்து வைத்துக்கொண்டாளா? இரண்டாவதுதான் தொடர்கதைக்கு வசதி. ஆனால் வார்டுக்கு வெளியே குழாயடியில் அவர்கள் பேசியது என்னவோ இதுதான்:

"அண்ணி, நீங்க அன்னைக்குச் சொன்னதை அவர்கிட்ட..."

"என்னத்தச் சொல்றது. சொன்னேன் சொன்னேன்னு சொல்றதுக்கு நான் என்ன பண்ணிட்டேன். உக்காந்து டீதானே குடிச்சேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

7

சில மாதம் கழித்துக் குட்டிக்குக் காது பரிசோதனை செய்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. காமாலை விட்டுவிட்டுப் போனது அது. கணவன் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தொட்டிலுக்குப் பின்னால் நின்று கை தட்டினான். விசில் அடித்தான். தன் பையிலிருந்த ஸ்பானரைத் தரையில் போட்டான். அவள் அடுக்களையில் துள்ளி விழுந்தாள். குட்டி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து கணவன் அந்தச் சுவரோடு மல்லுக்கு நிற்கிறான். வெள்ளை அடித்தான். மஞ்சள் உள்ளேயிருந்து தெரிகிறது என்றான். மற்ற யாருக்கும் தெரியவில்லை. மறுபடி அடித்தான். பிறகு தகட்டை எடுத்துச் சுரண்டத் தொடங்கினான், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். சில இடங்களில் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிகிறது. சாப்பாடு குறைந்துவிட்டது. வேலையில் ஒருநாள் லிஃப்ட் கூண்டின் தலையில் ஸ்பானரை மறந்து வைத்துவிட்டு இறங்கியிருக்கிறான். இன்னொரு நாள் மின்சாரத்தை நிறுத்தாமலே குழிக்குள் இறங்கப் போனவனைக் கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். "உன் புருஷனைப் பாத்துக்கம்மா" என்று அவர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வார்த்தையில் அவனை அந்தச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துவிடலாம். அந்த வார்த்தை அவளிடம் இருக்கிறது. சொன்னால் அவன் அவளை எப்படிப் பார்ப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. அவன் ஏணியில் நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சத்தத்தில் பேச்சே கேட்காது. கூடத்தில் குட்டி அயர்ந்து தூங்குகிறான். பக்கத்தில் நாற்காலியில் நாத்தனார். குட்டியின் அம்மா அறை வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க."

கை நிற்கவில்லை.

"ஏங்க, கொஞ்சம் இறங்குங்க."

"இந்த மூலை மட்டும்."

"இறங்குங்க. சுவர் ஒண்ணும் பண்ணல."

கை நின்றது. புருவத்திலும் மீசையிலும் தூசியோடு திரும்பினான்.

"பின்ன?" என்றான்.

இதற்கு மேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் அவள் சொல்லிவிடுகிறாள். அவன் இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசல் வரை போகிறான். அதற்கு மேல் அவன் பின்னால் போக எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்றில், "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்கிறாள். மறுநாள் அவன் பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வேலைக்குக் கிளம்புகிறான். அதுவும் வாசல் வரைதான். மூன்றாவதில் கூடத்திலிருந்து நாத்தனார் எழுந்து வந்து, "நான் அன்னைக்கே பாத்தேன்டா. பாத்துட்டுச் சொல்லாம விட்டுட்டேன்" என்கிறாள். பொய். அவள் கொண்டுவந்து தருகிற அந்தப் பொய்யை இவள் வாங்கிக்கொள்வாளா மாட்டாளா என்று கீபோர்டில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இவள் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பகலில் நீங்களும் தொட்டிலருகே இருந்தீர்கள். நாத்தனார் கேட்டதும் அதற்கு இவள் சொன்னதும் உங்கள் காதிலும் விழுந்தன. எனக்குத் தெரியும், அவர்கள் இருவருக்கும் தெரியும், இதோ இப்போது உங்களுக்கும் தெரியும். தெரியாதவன் ஒருவன்தான். பதிலுக்காக நம் எல்லோரையும் பார்த்துக்கொண்டு ஏணியிலேயே நிற்கிறான்.