மேல படிக்கச் சொன்ன மேனேஜர்

தெருவில் அவளுக்கு இன்டர்வியூ அக்கா என்று பெயர். குழாய் ரிப்பேருக்கு வந்த ஆளைக்கூட, "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க, ஏன் விட்டீங்க?" என்று கேட்காமல் ஸ்பேனரைத் தொட விட்டதில்லை. பேட்டரி தயாரிக்கிற கம்பெனியில், மனிதவளப் பிரிவில் வேலை. ஆள் எடுப்பாள், லீவு கொடுப்பாள். வேண்டாதவர்களை வலிக்காமல் வழியனுப்புகிற சந்திப்புகளில் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து அனுதாபமாகத் தலையாட்டுவாள்.

அந்தச் சந்திப்புக்கென்று ஒரு முறை உண்டு. மேனேஜர் முதலில் டீ வரவழைப்பார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்பார். ஆள் பாதி டீ குடித்ததும், "மேல ஏதாவது படிக்கலாமே?" என்பார். அவ்வளவுதான், சில மாதத்தில் அந்த நாற்காலியில் வேறு ஆள். கேன்டீனில் யாராவது முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால், "என்ன, படிக்கச் சொல்லிட்டாங்களா?" என்றுதான் துக்கம் விசாரிப்பார்கள்.

அந்த மேனேஜர் திங்கட்கிழமை இவளைக் கூப்பிட்டு டீ சொன்னார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமாம்மா?"

"சௌக்கியம் சார்." கப்பை அவள் தொடவில்லை. தொட்டால்தானே அடுத்தது வரும்?

தொடாமலே வந்தது. "மேல ஏதாவது படிக்கலாமே?"

"எம்.பி.ஏ. சேரலாம்னு இருக்கேன் சார். தபால்வழியில."

"ஐயையோ, அதெல்லாம் எதுக்கு? தடுக்கி விழுந்தா எம்.பி.ஏ. மேலதான் விழணும் இப்போ. தொழிலாளர் சட்டம் டிப்ளமோ பண்ணு. நம்ம ஆபீசுக்குப் பின்னாடி தெருவுல ஒரு இன்ஸ்டிடியூட் இருக்கு, வாரத்துல ஒரு நாள் கிளாஸ். ஞாயித்துக்கிழமை பேட்ச்ல சேரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சேரணும், தெரியுதா?"

வேலையை விட்டு அனுப்புகிற ஆள், படிப்பையும் சொல்லி, தெருவையும் சொல்லி, கிழமையையும் சொல்வானேன்? அடுத்த வருஷம் மேனேஜர் தலைமை ஆபீசுக்குப் போகிறார் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நாற்காலி தனக்குத்தான் என்று மனசுக்குள் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். அதற்குத்தான் எம்.பி.ஏ. இவரோ அதைத் தட்டிவிட்டு டிப்ளமோவைக் கையில் திணிக்கிறார்.

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "நல்லதுதானே சொல்றாரு?" என்றார்.

"அதான் இடிக்குது. ஒன்பது வருஷமா எனக்கு ஒரு நல்லது சொன்னதில்லையே அந்த மனுஷன்!"

"நீ எல்லாரையும் சந்தேகப்படுற. நேத்து என்னையே, 'ஏன் சீக்கிரம் வந்தீங்க'ன்னு கேட்டியே."

"பதில் இன்னும் வரலையே?"

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் படியில் நின்று ஒட்டுக் கேட்டவள், கேட்காததுபோல் இறங்கி வந்தாள். "அண்ணி, ஒருவேளை உங்களை அனுப்பிட்டு அவரோட சொந்தக்காரப் பொண்ணை வைக்கப் போறாரோ என்னவோ! நான் சும்மா சொன்னேன்." சும்மா சொல்லிவிட்டு நிம்மதியாக மேலே போய்த் தூங்கினாள். இவள்தான் தூங்கவில்லை.

மறுநாள் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். புதிதாக ஆள் எடுத்தால் பழைய கம்பெனிக்குப் போன் போட்டு அவன் யோக்கியதையை விசாரிப்பாளே, அதேபோல் இன்ஸ்டிடியூட்டுக்குப் போன் போட்டாள். பெயரும் சொல்லவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை.

"உங்க டிப்ளமோவால யாருக்காவது பிரயோஜனம் உண்டா? வேலையில இருக்கிறவங்க யாராவது படிக்கிறாங்களா?"

ஆள் பிடிக்கிற அவசரத்தில் ஆபீஸ் அம்மா கொட்டினாள். "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! பின்னாடி தெரு பேட்டரி கம்பெனியில மனிதவள மேனேஜரே நம்ம ஸ்டூடண்ட்தான். போன வருஷமே சேர்ந்துட்டாரு. ரெண்டு பேப்பர் போயிடுச்சு, அது வேற விஷயம். மறுபடியும் ஞாயித்துக்கிழமை பேட்ச்ல உட்கார்றாரு."

இவள் போனை வைத்தாள்.

நேரே மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். "எந்த ரெண்டு பேப்பர் சார் போச்சு?"

மேனேஜரின் முகம் வேலை போனவன் முகமாக மாறியது. அந்த முகம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இதுவரை மேஜைக்கு எதிர்ப்பக்கம்தான் பார்த்திருக்கிறாள்.

"வெளிய சொல்லிடாதம்மா. தலைமை ஆபீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நானே கிளப்பிவிட்ட பேச்சு. போன தொழிலாளர் கேஸ்ல தோத்தோம்ல, அதுலேருந்து மேலிடத்துல ஒரே பிடி. இந்த சீட்ல இருக்கிறவங்க கையில சட்டப் படிப்பு இருக்கணுமாம். அடுத்த பரீட்சைதான் எனக்குக் கெடு. நீ பக்கத்துல உட்கார்ந்தா, புரியாததைச் சொல்லிக் கொடுப்பியேன்னு..."

"எம்.பி.ஏ. வேணாம்னு சொன்னது?"

"நெசமாவே வேணாம்மா. அதை இங்க யாரும் கேட்கப் போறதில்ல."

இவ்வளவு சுயநலத்திலிருந்து வந்த யோசனை பொய்யாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷனை நம்பினாள்.

சாயங்காலமே இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்ப் பணம் கட்டினாள். ஆபீஸ் அம்மா பேனாவைத் திறந்துகொண்டு, "ஞாயித்துக்கிழமை பேட்ச்தானே மேடம்? உங்க சார் சொல்லி வெச்சிருக்காரு, அவர் பக்கத்து சீட்டாம்" என்றாள்.

"சனிக்கிழமை போடுங்க" என்றாள் இவள். "பரீட்சை ரெண்டு பேட்சுக்கும் ஒரே நாள்தானே?"