வைர முனை வரும்வரை

கடத்தூருக்கு மேற்கே தீர்த்தம்மாளின் கொல்லைக்கு அடியில் தேசத்தின் மானம் புதைந்து கிடப்பதாக கனிம ஆய்வு முகாம் அதிகாரி வெங்கடாசலம் அறிவித்த வருஷம் 1982. மழை பொய்த்த வருஷமும் அதுதான்.

"மாலிப்டினம்மா! இதைச் சேர்த்தாத்தான் எஃகு கெட்டிப்படும். பீரங்கிக்கு வேணும், விமானத்துக்கு வேணும். அத்தனையும் கப்பல்ல வருது. நாளைக்கு வெளிநாட்டுக்காரன் தரமாட்டேன்னா நம்ம கதி?"

"பாவந்தானுங்க சார்" என்றாள் தீர்த்தம்மாள்.

அவள் கதி கிணற்றில் இருந்தது. முழங்கால் தண்ணீர். அதை நம்பி இருபத்திரண்டு தென்னங்கன்றுகள். இன்னும் இரண்டு ஆள் ஆழம் போனால் ஊற்று கிடைக்கும் என்று, கிணற்றுப் பாறைக்கு வேட்டு வைக்கும் ஆண்டி சொல்லியிருந்தான்.

"வேட்டா?" வெங்கடாசலம் பதறினார். "பாறை அதிர்ந்தா எங்க ஆய்வே போச்சு. துளை போட்டு முடியற வரைக்கும் கூடாது. ரெண்டு மாசந்தாம்மா."

தாலுகா ஆபீசுக்குத் தடைக் கடிதமும் போயிற்று.

துளை எந்திரம் வந்தது. பாறையைக் குடையும் அதன் வைர முனை வரவில்லை. அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்சுக்கு, அப்படியொரு பொருள் இந்தியாவில் தயாராவதில்லை என்று மூன்று அலுவலகங்கள் எழுதித் தரவேண்டும். இரண்டு எழுதித் தந்தன. மூன்றாவது, பொருள் இன்னதென்று விளங்கவில்லை, மாதிரிக்கு ஒன்று அனுப்பவும் என்று கேட்டது.

எந்திரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. மேலதிகாரி யார் வந்தாலும் அதன் முன்னால் நின்று தற்சார்பைப் பற்றி வெங்கடாசலம் பேசினார். பேச்சுக்குப் பேச்சு கன்றுகள் குறைந்தன.

"இவங்க தேசம் எந்திரிக்கறதுக்குள்ள உன் தென்னை படுத்துரும்க்கா" என்று சொல்லிவிட்டு, ஆண்டி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான்.

பதினோராம் மாதம், வெல்வெட் பெட்டியில் முனை வந்து சேர்ந்தது. வெங்கடாசலம் அதற்கும் எந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கடத்தூர்ச் சந்தையில் வாங்கிய தேங்காயை உடைத்தார்.

"தண்ணி சார்?" என்றார் எந்திரம் ஓட்டுபவர். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்காவிட்டால் முனை சூடேறிக் கருகிவிடும்.

வெங்கடாசலம் கோப்பைப் புரட்டினார். 'நீர் ஆதாரம்: அருகிலுள்ள கிணறு' என்று அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

குழாயோடு வந்தவரைத் தீர்த்தம்மாள் தடுக்கவில்லை.

"எட்டிப் பாருங்க சார்."

வெங்கடாசலம் பார்த்தார். குரல் இறங்கிற்று. "இப்ப வேட்டு வெச்சுக்கம்மா. நாட்டோட நலனுக்காக நானே அனுமதி எழுதித் தர்றேன்."

"ஆண்டி பெங்களூர்ல இருக்கறானுங்க."

"எப்ப வருவான்?"

"ரெண்டு மாசந்தானுங்களாம்."

அவள் வாளியை இறக்கினாள். பாறையில் இடித்து, சுரண்டி, அரை வாளி கலங்கல் ஏறி வந்தது. வெங்கடாசலத்தின் கண் வாளியோடேயே வந்தது. அவரைக் கடந்து, பொட்டு வைத்த எந்திரத்தையும் கடந்து அவள் நடந்தாள்.

மூன்று கன்றுகளில்தான் இன்னும் பச்சை இருந்தது. அரை வாளி ஒரு கன்றுக்குத்தான் காணும். எந்தக் கன்றுக்கு ஊற்றுவதென்று தெரியாமல் வாளியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.