எதிர்வீட்டு ஆனி

மூன்றாவது பண்ணையிலிருந்தும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். வெறுங்கை என்றால் பாவம், அந்த வீட்டம்மாள் பழரொட்டியில் வெண்ணெய் தடவி ஆளுக்கு மூன்று துண்டு தின்ன வைத்துத்தான் விட்டாள். ஆனால் ஆனி என்று ஒருத்தியை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

டெக்வென் பதினோரு நாவல் எழுதியவள். வயது எண்பத்தொன்று. பெற்றவள் ஆனியின் முகத்தை மட்டும் பார்த்ததில்லை. பிரசவத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லித்தான் அப்பா லிவர்பூலில் அவளை வளர்த்தார். இப்போது கண் மங்கிக்கொண்டு வருகிறது. குளிர்காலம் வந்தால் எந்த முகமும் தெரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குள் அம்மாவைப் படத்திலாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

கிடைத்தது செத்துப்போன சால் அத்தையின் ஆல்பம் ஒன்றுதான். அதில் ஒரு பக்கத்தில் படத்தைப் பிய்த்தெடுத்த இடம் காலியாக இருந்தது. அடியில் அத்தையின் கையெழுத்து: ‘ஆனி, டீ டிரௌ.’ வெல்ஷ் மொழியில் எதிர்வீடு என்று அர்த்தம். கல்லை எறிந்தால் ஒரு ஜோன்ஸ் மேல் விழுகிற வட்டாரத்தில் ஆனி ஜோன்ஸை வீட்டுப் பெயரை வைத்துத்தானே தேட முடியும்? டீ டிரௌ என்று பெயர் வைத்த பண்ணைகள் மூன்று. மூன்றும் முடிந்தது.

“போதும் இட்வால், வீட்டுக்கு வண்டிய விடு,” என்றாள்.

இட்வால் அவளுடைய சித்தப்பா மகன். முப்பத்தைந்து வருஷம் தபால்காரன். வண்டியைக் கிளப்பாமல் ஆல்பத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“அக்கா, சால் அத்தை எப்படி? எழுத்துல தப்பு விடுவாங்களா?”

“அவளா? என் நாவல்லயே கமா விட்டுப்போனத வட்டம் போட்டு அனுப்புனவ!”

“அப்ப நாமதான் முட்டாளுங்க. வீட்டுப் பேருன்னா பெரிய எழுத்துல ஆரம்பிச்சிருப்பாங்க. இது சின்ன எழுத்து. இது விலாசமே இல்லக்கா. அத்தை தன் வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்து, எதிர்வீட்டு ஆனின்னு எழுதியிருக்காங்க.”

டெக்வென் ஆல்பத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு, “எழுத்தையே நம்பிப் பொழச்சவ நான், எனக்கு இது தெரியல பாரேன்,” என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள்.

“பெரியப்பா கட்டிக்கப் பொண்ணு தேடி, பொறந்த வீட்ட விட்டு ரொம்ப தூரம் போகல போல,” என்று சிரித்தான் இட்வால்.

அத்தை வீட்டுக்கு எதிரே, ஓடையைத் தாண்டி ஒரே ஒரு வீடு. கதவைத் திறந்த நெஸ்டா என்பவள் ஆனியின் அண்ணன் பேத்தி. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே ஓடினாள்.

“எங்க தாத்தா, தங்கச்சி படம் ஒண்ணாவது வேணும்னு சால் அம்மாகிட்ட அழுது வாங்கிட்டு வந்தாராம். உக்காருங்க, உக்காருங்க!”

அலமாரி இழுப்பறையிலிருந்து படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் டெக்வென் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். வாசலில் ஒருத்தி நிற்கிறாள். ஊர்வழக்கப்படி பெரிய சால்வையைத் தோளோடு சுற்றி அதற்குள் குழந்தையை இடுக்கியிருக்கிறாள். ஆனால் தலை குனிந்திருக்கிறது. வகிடும் ஒரு காதும்தான் தெரிகிறது. குழந்தை மட்டும் தெளிவாக, கண்ணைக் கொட்டாமல் மேலே பார்க்கிறது.

இட்வால் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “அடடா... ஒரு நிமிஷம் நிமிந்திருக்கக் கூடாதா இந்தப் பொம்பள!”

நெஸ்டா படத்தைத் திருப்பி மெதுவாக வாசித்தாள்: “ஆனியும் டெக்வெனும். ஆறு வாரம்.”

“ஆறு வாரமா?” டெக்வெனின் குரல் உடைந்தது. “என் முகத்தக்கூடப் பாக்காம செத்தாள்னுதானேடா அப்பா சொன்னாரு?”

அவள் படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

“நிமிர வேணாம் இட்வால். என்னையே பாத்துக்கிட்டு இருக்கட்டும்.”