ஸ்ட்ரெச்சர் வரிசை

எங்கள் ராணுவக் கள மருத்துவமனைக்கு அறுபது வயதாகிறதாம். தமிழ்நாட்டுப் பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். யூனிட்டின் வரலாற்றை எழுதும் வேலை, ஓய்வுபெற்ற நர்சிங் உதவியாளனான என் தலையில் விழுந்தது. வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நினைவுகளை அனுப்புங்கள் என்று மூன்று முறை கெஞ்சினேன். காலை வணக்கப் பூக்களும், வாலிபால் கோப்பையோடு நிற்கும் படங்களும்தான் வந்தன. அறுபது வருடமும் அந்த மருத்துவமனை வாலிபால் மட்டுமா ஆடியது?

அலுத்துக்கொண்டாலும், நான் ஒப்புக்கொண்டதே ஒரு பக்கத்துக்காகத்தான். 2003 பிப்ரவரியில் வடக்கே மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து, பதினொரு பேரை ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஒருவர்தான். யார் முதலில் ஆபரேஷன் மேசைக்குப் போக வேண்டும் என்று பார்த்து அட்டை கட்டியவன் நான். சிவப்பு என்றால் உடனே; மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். லாரியில் வந்த விஜயபாண்டி எங்கள் யூனிட்காரன்; என் பக்கத்து ஊரான சின்னமனூர். அவனுக்குச் சிவப்பு கட்டியதாகத்தான் ஞாபகம். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அவன் மணிக்கட்டில் மஞ்சள் இருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அன்றிலிருந்து அவன் மனைவி மலையம்மாள் என்னோடு பேசுவதில்லை. உத்தமபாளையம் பஸ்ஸில் நான் ஏறினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணை மூடினால் என் கையே அந்த மஞ்சள் அட்டைக்கு முடிச்சுப் போடுகிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

விவரம் கேட்டு விஜயபாண்டியின் தோட்டத்துக்கு மூன்று முறை போனேன். முதல் முறை சொட்டுநீர்க் குழாயைக் காட்டினான். இரண்டாம் முறை வாழைக்கு மருந்தடிப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசினான். மூன்றாம் முறை எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏலே, தப்பா அட்டை கட்டுனது நாகராஜ்தான்னு என் பேரப் போட்டே எழுதப்போறேன். அதோட என்னைய விட்டுரு."

அவன் செயற்கைக் காலை நீட்டி வரப்பில் உட்கார்ந்தான். "எழுதாத. நீ சரியாத்தான் கட்டுன."

"அப்புறம்?"

"பக்கத்து ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தன் கிடந்தான். காதுகிட்ட ஒரே கத்து. என் வலியக்கூடப் பொறுத்துக்கிட்டேன், அவன் சத்தம் தாங்கல. என் அட்டைய அவுத்து, அவன் மஞ்சளோட மாத்திக் கட்டிட்டேன். அவனத் தூக்கிட்டுப் போயிட்டாக."

"அவனுக்கு என்ன அடி?"

"தோள்பட்டை எலும்பு. அம்புட்டுத்தான்."

தியாகம் செய்தேன் என்றாலாவது கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். எரிச்சலில் காலைக் கொடுத்திருக்கிறான், மடையன். இருபத்திரண்டு வருடமாக என்னையும் வாட்டியிருக்கிறான்.

"எங்கிட்டச் சொல்ல வாய் வரலையாடா?"

"சொன்னா மலையம்மாளுக்குத் தெரிஞ்சிரும்ல. ஒரு சத்தத்தப் பொறுக்க மாட்டாம கால விட்டேன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல?"

பின்னால் மலையம்மாள் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தார். விஜயபாண்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்ணே," என்றார் என்னைப் பார்த்து. "கால எடுத்த வாரமே நான் ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தப்ப, வலி மருந்து மயக்கத்துல இவுக எல்லாத்தையும் உளறிட்டாக."

"தெரிஞ்சுமா என்னோட பேசல?"

"கால் போன மனுசன எப்படித் திட்டுறது? யார் மேலயாச்சும் கோவப்படாம எனக்குச் சோறு இறங்கல. நீங்கதான்ணே பக்கத்து ஊர்ல இருந்தீக."