முப்பத்தைந்து பவுண்டு வில்

பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கியதும் முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு வாரத்தில் மூன்று நாள் ஃபேக்டரி நின்றது. கடைசியில் எஸ்டேட் கிளப்பையே மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அங்கே மாலையில் நடந்த வில்வித்தை வகுப்பும் அதோடு சரி. ஏழு பேர் சேர்ந்த வகுப்பில் ஐந்து பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மலை இறங்கிவிட்டார்கள். மிச்சம் இரண்டு பேர்: ஆபீஸ் கிளார்க் ஷண்முகப்ரியா, ஃபேக்டரி ஃபிட்டர் சரத்.

கிளப் செயலாளர் ராஜரத்தினம் பீரோவைத் திறந்து மூன்று பழைய வில்களை பில்லியர்ட்ஸ் மேசைமேல் பரப்பினார். மூன்றும் ரீகர்வ் ரகம். மரத்தையும் கண்ணாடி இழையையும் பசையால் ஒட்டி, நுனிகளை முன்பக்கமாக வளைத்துச் செய்தவை.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் பழகுங்க. ஞாயித்துக்கெழமை ஆறாறு அம்பு. ஜெயிக்கறவங்களுக்கு வில்லு சொந்தம். மத்ததெல்லாம் நாற்காலியோட கோயமுத்தூர் லாரியில ஏறிரும்."

ஷண்முகப்ரியா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். வகுப்பு போனாலும் வில் தங்கும். ஆனால் ஜெயிக்க வேண்டுமே.

சரத் பார்த்த பார்வையிலேயே கறுப்புக் கைப்பிடி போட்ட, இழுக்க நாற்பத்தைந்து பவுண்டு பலம் வேண்டிய வில்லைத் தூக்கிக்கொண்டான். "சிங்கமாட்ட இருக்குதுங்க!"

அவள் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள். நாணேற்றி, ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நுனிவரை பார்த்தாள். ஒரு வில்லில் நாண் நடுவில் ஓடாமல் ஓரமாக ஒதுங்கியது. வில்லின் வளைந்த கை முறுக்கிக்கொண்டிருந்தது, அதை ஒதுக்கினாள். மற்றதன் விளிம்பெல்லாம் பஞ்சால் தடவினாள். விரிசல் இருந்தால் பஞ்சு சிக்கும். சிக்கவில்லை. மறுபடி தடவினாள்.

"பொடவை எடுக்கக்கூட இத்தன நேரம் ஆவாது கண்ணு," என்றாள் கிளப்பைக் கூட்டிப் பெருக்கும் அங்கம்மா.

முப்பத்தைந்து பவுண்டு என்று எழுதிய, நிறம் மங்கிய வில். இழுத்தால் கை நடுங்கவில்லை. அதையே எடுத்துக்கொண்டாள். எடுத்த பிறகும், சிங்கத்துக்கு முன்னால் இது எடுபடுமா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பழகும்போது மழை பிடித்து இருவரும் வில்லோடு நன்றாக நனைந்துவிட்டார்கள். அவள் வில்லைத் துடைத்து, நாணைக் கழற்றி, வீட்டு அலமாரிமேல் படுக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் இருபத்தைந்து கஜத்தில் இலக்குப் பலகை. சரத் முதல் அம்பை இழுத்தான். சடக்! வில்லின் கீழ்க்கை அடுக்கடுக்காகப் பிளந்து, அம்பு காலடியில் விழுந்தது.

"எங்கப்பா வெச்சிருந்தே இத?" என்றார் ராஜரத்தினம்.

"நனைஞ்சு போச்சுங்களே... நேத்து ஃபேக்டரியில இல வாட்டற மாடியில, சூடு காத்துல போட்டு வெச்சனுங்க. எங்கூட்டு ஸ்வெட்டரெல்லாம் அங்கதானுங்க காயுது."

"ஸ்வெட்டர யாரு பச போட்டு ஒட்டுனது?" என்றாள் அங்கம்மா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எஸ்டேட்டில் மழைக்கு நனைந்த எதையும் அந்த மாடியில் போடாத வீடு கிடையாது என்பதால், கொஞ்சம் அடக்கியே சிரித்தார்கள்.

"அப்பொ அம்மிணிக்குத்தான் வில்லு," என்றார் ராஜரத்தினம்.

அவளுக்கு வாய்வரை சந்தோஷம் வந்து அங்கேயே நின்றது. இப்படிக் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோனால், அவனை ஜெயித்திருப்பேனா மாட்டேனா என்று காலமெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னைப் பற்றி அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எம்பட வில்லுலயே அவரும் எய்யட்டுங்க."

"கெட்டுது போ!" என்று அங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"காதுவரைக்கும் இழுக்காதீங்க. வாயோரம் போதும்," என்று சொல்லி வில்லை அவனிடம் கொடுத்தாள்.

சரத்தின் முதல் இரண்டு அம்பும் தாழப் போயின. அதற்குள் வில்லின் போக்கு பிடிபட்டுவிட்டது. அடுத்த நான்கும் பலகையின் நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்தில்.

ஷண்முகப்ரியாவின் முதல் அம்பு மஞ்சளைத் தவறவிட்டது. எதிர்பார்த்ததுதான் என்றது மனசு. இரண்டாவது மஞ்சள். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் மஞ்சள். இப்போது மஞ்சளில் நாலுக்கு நாலு, இருவரும் சமம். அவள் கையில் ஒரே அம்பு.

இழுத்தாள். நாண் உதட்டோரம் வந்தது. தோள் சற்று ஏறியிருந்தது. அம்பை விடாமல், நாணை மெல்லப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

"என்னுங்க, லீவ் லெட்டர் எழுதறீங்களா?" என்றான் சரத்.

"ஆமாங்க. உங்களுக்குத்தான்."

தோளைத் தளர்த்தி மறுபடி இழுத்தாள். இந்த முறை குறை சொல்ல எதுவும் இல்லை. தேடிப் பார்த்தும் இல்லை. விரல்கள் திறந்தன. டப்!

"மஞ்ச! நட்டநடு மஞ்ச!" அங்கம்மா துடைப்பத்தைத் தலைக்குமேல் சுழற்றினாள். சரத் விசிலடித்தான். "தோத்துட்டனுங்க. சந்தேகமே இல்லாம தோத்துட்டேன்!"

ராஜரத்தினம் கைகுலுக்க வந்தார். கீழே சரிவிலிருந்து மூடுபனி ஏறி, பலகையின் காலை மறைக்கத் தொடங்கியிருந்தது. "சரி, எடுத்து வெச்சரலாம்."

"ஒரு நிமிசமுங்க," என்றாள் ஷண்முகப்ரியா. ஓடிப்போய் ஆறு அம்புகளையும் பிடுங்கிவந்து, கோட்டில் காலை ஊன்றி, தன் வில்லில் முதல் அம்பைத் தொடுத்தாள்.