சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. குளிருகிறது, போர்வையைக் காலில் இழுத்துவிடுங்கள். ஒரு கதை சொல்கிறேன். ரயில் ஓடுகிற கதைதான், ஆனால் சிரிப்புக் கொஞ்சம் குறைவு.

எழுபத்தைந்தாம் ஆண்டு. சிட்னியில் செவன் ஹில்ஸ் பக்கம் தமிழ்க் குரல் கேட்பதே அரிதாக இருந்த காலம். அங்கே மகாதேவன், யோகா என்று யாழ்ப்பாணத்துத் தம்பதி இருந்தார்கள். மகாதேவன் பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவன். ரயில் என்றால் அவனுக்கு உயிர். யப்பானில் வயல்களுக்கு நடுவே பறக்கிற அதிவேக ரயிலைத் தன் கமராவில் ஒருதரமாவது துலக்கமாகப் பிடித்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அந்த வருடம் கிடைத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய் அம்மாவைப் பார்ப்பதா, யப்பானுக்குப் போவதா என்று தடுமாறினான். "அம்மாவை வாற வருசம் பாப்பம்" என்று சொல்லிவிட்டு யப்பானுக்கே போனான்.

அவன் திரும்பி வர இரண்டு நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை, யோகாவின் கைக்குத் தந்தி வந்தது. அம்மா காலமாகிவிட்டார். அவன் எந்த வயல் கரையில் நிற்கிறானோ, எந்த விடுதியில் படுக்கிறானோ, அவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். கேட்ட பின் சோறு இறங்காது. யோகாவுக்கு அந்த ஒன்றுதான் மனதில் நின்றது. அவ்வளவு தூரம் வருகிற மனுசன் வயிறாறச் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம். ஆனால் துக்க வீட்டில் அடுப்பு மூட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த தெருவில் இருந்த நாகலட்சுமி, தஞ்சாவூர்க்காரர், சோறும் சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார்.

"முகத்தைக் கழுவிக்கிட்டு வா, யோகா. அவர் சாப்பிடற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

சனிக்கிழமை மத்தியானம் மகாதேவன் வெயிலில் கறுத்த முகத்தோடு வந்தான். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை, பேசத் தொடங்கிவிட்டான்.

"மூண்டு நாள் தவறவிட்டனான், அக்கா. சத்தம் கேட்டுக் கமராவைத் தூக்கினா வால் மட்டும்தான் விழும். பிறகுதான் பாத்தன், அது வாறதுக்கு முன்னம் மேல போற கரண்ட் கம்பி லேசாத் துடிக்கும். உடன நானும் ரயிலோட சேர்ந்து திரும்பவேணும்." சாப்பாட்டு மேசைக் கதிரையில் உட்கார்ந்தபடியே திரும்பிக் காட்டினான். "நெல்லெல்லாம் விளைஞ்சு நிக்குது. அதுக்குள்ளால வெள்ளையா ஒரு கோடு."

"அவ்வளவு தூரம் போய் ஒரு கோட்டைப் பாத்துட்டு வந்தீங்களாக்கும்" என்றார் நாகலட்சுமி.

"இல்லையக்கா, ஒண்டு நல்லா விழுந்திருக்கு. எனக்குத் தெரியும். அதைப் பெரிசாக்கி அம்மாவுக்கு அனுப்பப் போறன். அப்பிடி என்னடா அந்த ரயிலில இருக்கெண்டு அவ கேக்கிறவ."

யோகா சோற்றுச் சட்டியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "முதல்ல சாப்பிடுங்கோ."

ஒரு வாய் வைத்தவன் சிரித்தான். "இது அக்காட சாம்பார். நீ சமைக்கேல்லையே?"

"அலுப்பா இருந்தது."

"நான் வாற நாளில மீன் இல்லாம இருக்காதே."

"கிடைக்கேல்லை."

அவன் குசினிப் பக்கம் பார்த்தான். அடுப்பு துடைத்தபடி கிடந்தது. ஒரு சட்டிகூட அதன் மேல் இல்லை. யோகா தலை நிமிரவில்லை. சோற்றுக்குள் அவன் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"ஆறிடும், தம்பி" என்றார் நாகலட்சுமி மெல்ல. "அப்புறம்? ரயில் வந்துச்சா?"

அவரை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வந்தது, அக்கா" என்று மறுபடி பிசையத் தொடங்கினான். "மழை விட்டிருந்தது. வயலுக்க தண்ணி நிண்டது. கம்பி துடிச்சது. நான் மூச்சுவிடேல்லை..."

குரல் மாறவில்லை. ஆனால் யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை. பேச்சை நிறுத்தினால் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டுமே, பிள்ளைகளே. இன்னும் சோறு கேட்டான். யோகா போட்டாள், பாதி மேசையில் சிந்தியது. அதையும் பொறுக்கிச் சாப்பிட்டான்.

குசினிக் குழாயில் கை கழுவும்போது, முதுகைக் காட்டியபடியே கேட்டான்.

"அம்மாவே?"

"ஓம்."

"ஆர் கொள்ளி வைச்சது?"

"உங்கட அண்ணை."

தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசி மகன். அவன்தான் கடைசி. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு குழாயை மூடினான்.

"நீ சாப்பிட்டனியே?"

"வியாழக்கிழமையில இருந்து தேத்தண்ணிதான்."

அவளைக் கதிரையில் இருத்தித் தானே சோறு போட்டான். அவள் அழுதழுது விழுங்கினாள். கடைசிக் கவளம்வரை பக்கத்தில் இருந்தான். அதற்குப் பிறகுதான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வெளியே இருந்த இரண்டு பெண்களும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். அந்தப் படச்சுருள்களைக் கழுவ அவன் பிறகு ஒருநாளும் கொடுக்கவேயில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்குத் தூரத்திலிருந்து வருகிறவர்கள் நல்ல செய்தியோடு வரட்டும், நல்ல செய்தியே கேட்கட்டும். உங்கள் வாசலில் யாரும் பசியோடு நிற்காதிருக்கட்டும். உங்கள் அடுப்பு என்றைக்கும் சூடாக இருக்கட்டும்.