ஹுடாக் வண்டி நிற்கும் இடம்

எமில் ஹுடாக் மிட்டாய் வாங்க வந்திருந்தார். சிவப்பும் வெள்ளையுமாகச் சுழித்த புதினா மிட்டாய், பெரிய பை. வீட்டில் வைத்துத் தின்பதற்கு அல்ல. கறுப்புக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு போய், சாவு நடந்த இடத்தில் அழுது ஓய்ந்தவர்களின் உள்ளங்கையில் ஒன்றை வைத்து விரல்களை மூடிவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த மிட்டாயை வேறெங்கே பார்த்தாலும் முகம் வாடிப்போவார்கள். நான் பையின் விலையைக் கல்லாவில் அடித்துக்கொண்டிருந்தபோது கடைக் கதவு தானாகத் திறந்தது. பெர்னி ப்ரெஸ்கோ உள்ளே வந்தார். அவர் கணவர் ஜோ முந்தாநாள்தான் இறந்திருந்தார்.

"பேப்பர் தட்டு எங்க வச்சிருக்க, டெஸ்?"

"சோப்பு வரிசைக்குப் பின்னாடி. நீங்க உக்காருங்க மிஸஸ் ப்ரெஸ்கோ, நான் எடுத்துத் தரேன்."

"உக்காந்து உக்காந்து காலே மரத்துப்போச்சு. வர்றவ ஒவ்வொருத்தியும் முட்டைக்கோஸ்ல சுத்துன கறியை ஒரு தட்டுல கொண்டாந்து வச்சுட்டு, உக்காரு பெர்னிங்கறா. எனக்குப் புருஷன் போயிட்டாரா, இல்ல நான் கடை வைக்கப் போறேனான்னே தெரியலை."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் தட்டு எடுக்கப் போனேன்.

நான் வேலை பார்ப்பது டாலர் கடை. பேர்தான் அப்படி; ஒரு டாலருக்கு அங்கே இப்போது ஒன்றும் கிடைக்காது. அதற்கு முன்னால் அது ஜோவின் பௌலிங் கூடம். ஊரில் சுரங்கம் மூடிய பிறகும், சட்டைத் தொழிற்சாலை மூடிய பிறகும் மாலையானால் விளக்கு எரிந்த ஒரே இடம் அதுதான். நான் சின்ன வயதில் கிழிந்த வாடகைச் செருப்பைப் போட்டுக்கொண்டு பந்து உருட்டிய தடத்தின் மேலே இன்று சலவைத்தூள் அடுக்கியிருக்கிறது. கம்பெனிக்காரர்கள் மரத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் அடியில் மரம் உப்பும், அலமாரி கொஞ்சம் சாயும். நான் அட்டையை மடித்து முட்டுக் கொடுப்பேன். கடையில் ஒரு நேரத்துக்கு ஓர் ஆள்தான் வேலை. கூரையில் கேமரா இருக்கிறது. கடை திறந்திருக்கும்போது வாசலைத் தாண்டினால் வேலை போய்விடும். அந்தக் கேமராவை எந்த ஊரில் யார் உட்கார்ந்து பார்க்கிறார் என்று எனக்கு இதுவரை தெரியாது.

தட்டுக் கட்டுகளோடு திரும்பியபோது பெர்னி எமிலின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"நல்லவேளை, நீயே கண்ணுல பட்ட. வெள்ளிக்கிழமை வண்டி இங்க நிக்குது, சரியா? இந்த வாசல்ல. டாலர் கடையோ டப்பா கடையோ, அவரு வாழ்ந்தது இங்கதான்."

இதை எங்கள் ஊர்க்காரர் யாரும் விளக்கிக் கேட்கமாட்டார்கள். ஹுடாக் குடும்பம் மூன்று தலைமுறையாக ஊரின் சாவுகளைக் கவனித்துவந்தது. மலையடிவாரத்தில் அந்தப் பெரிய வெள்ளை வீட்டில் கீழே செத்தவர்கள், மேலே ஹுடாக்குகள். யாராவது சாகக் கிடந்தால், ஹுடாக் வீட்டுக்கு மூட்டை கட்டியாச்சு என்பது இங்கே பேச்சு வழக்கு. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில், இறந்தவர் தன் ஆயுளைக் கழித்த இடத்தில் அவர்கள் வண்டி நிற்கும். ஓட்டுபவர் இறங்கிவந்து பின்கதவைத் திறப்பார். கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். பிறகு மூடுவார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சுரங்க வாசல், வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம். சாப்பாட்டு டப்பாவை மறந்திருந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நிறுத்துகிறார்கள் என்பாள் என் அம்மா. அவளுக்கு, கூரை போய்விட்ட சட்டைத் தொழிற்சாலையின் முன்னால் நிறுத்தினார்கள். உள்ளே மரம் முளைத்திருந்தது. எமில்தான் இறங்கிக் கதவைத் திறந்தார். அன்று நான் அழுத அழுகை அதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை.

சில வருஷங்களாக வண்டி எங்கும் நிற்பதில்லை. எமிலுக்குப் பணத்தாசை வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"ஆபீஸ்ல இருக்கற பொண்ணுகிட்ட கேட்டியா?" என்றார் எமில்.

"கேட்டேன். மத்தியானமே வண்டி அடுத்த ஊர்ல இருக்கணுமாம், நடுவுல நிறுத்தறதுக்கு கம்ப்யூட்டர்ல இடமே இல்லையாம். நல்ல பொண்ணுதான், சொல்றப்போ அவளுக்கே கண்ணு கலங்கிருச்சு. சரி, நான் எமில்கிட்ட பேசிக்கறேன்னேன். எந்த எமில்ங்கறா! உன் பேரு போட்ட பலகைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு எந்த எமில்ங்கறா. என்ன ஆளுடா வேலைக்கு வச்சிருக்க?"

எமில் கவுன்ட்டரில் இருந்த மிட்டாய்ப் பையை நேராக நகர்த்தி வைத்தார்.

"நான் வைக்கலை, பெர்னி. அது என்னுது இல்லை."

"எது?"

"வீடு, வண்டி, பேரு, எல்லாம். வித்துட்டேன். மேரி உடம்பு முடியாம கிடந்தப்பவே வித்தாச்சு. பையன் அரிசோனாவுல இருக்கான், அவனுக்கு இது வேண்டாம். ஒரு கம்பெனி வந்துச்சு. பேரு பலகைல அப்படியே இருக்கணும்னாங்க. நான் இந்த ஜில்லாவுல பெட்டியத் தொடக்கூடாது, வண்டியத் தொடக்கூடாது, யாருக்கும் ஒண்ணும் சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டுட்டேன்."

மனைவி போன வீட்டில் இருக்க மனமில்லாமல்தான் அவர் மருந்துக் கடை மாடிக்குக் குடிவந்தார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நானே பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"அப்போ எங்க அக்கா சாவுக்கு வந்து வாசல்ல நின்னியே?"

"எல்லாரையும் போல துக்கம் கேக்கத்தான் வந்தேன்."

"கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டா?"

"என்கிட்ட இருக்கறதே இந்த ஒரு கோட்டுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கமாகவும் போயிற்று. பெர்னி சிரிக்கவில்லை.

"ஊரே உன்னை வாய்க்கு வந்தபடி பேசுது எமில். பெட்டி விலைக்கு, பூ வாடியிருந்ததுக்கு, எல்லாத்துக்கும் உன்னைத்தான். நானும்தான் பேசுனேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வித்துட்டேன்னு சொல்றதுக்குப் பதிலா திட்டு வாங்கறது சுலபமா இருந்துச்சு."

வேறொன்று தோன்றியதுபோலப் பெர்னியின் குரல் மாறியது.

"அப்போ அவரு இப்போ எங்க இருக்காரு? உன் வீட்டுல இல்லையா?"

"நெடுஞ்சாலை ஓரமா ஒரு ஷெட்டு இருக்கு. பக்கத்து ஊருங்க எல்லாத்துக்கும் சேர்த்து அங்கதான் வைக்கறாங்க. வெள்ளிக்கிழமை காலைல கொண்டாந்துருவாங்க. பத்திரமா கொண்டாருவாங்க, பெர்னி."

அப்போதுதான் பெர்னி உட்கார்ந்தார். கல்லா ஓரம் நான் சரக்கு இறக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டி மேல், தட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஜோவை ஹுடாக் வீட்டில் விட்டிருப்பதாக நினைத்து இரண்டு ராத்திரி தூங்கியிருக்கிறார். ஷெட்டு என்ற சொல் அவரை எப்படி அறுத்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்," என்றார் கடைசியில். "இந்தக் கட்டடத்தை வாங்குனவன் மூஞ்சிய நாங்க பார்த்ததே இல்லை. ஒரு கம்பெனி பேரு சொன்னாங்க. அது யாருன்னு தேடுனா இன்னொரு கம்பெனி பேரு வருது. வெங்காயம் உரிச்ச மாதிரி. கையெழுத்துப் போட பேனாகூட அவங்களே அனுப்பியிருந்தாங்க. அவரும் வித்தாரு, நீயும் வித்த. சரி. நின்னு மூச்சு விடற நேரத்தையுமா வித்தீங்க?"

"அந்த வண்டிக் கதவைத் தொட எனக்கு உரிமை இல்லை, பெர்னி" என்று மட்டும் சொன்னார் எமில். பெர்னி எழுந்து தட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் போனார். எமிலும் போனார். மிட்டாய்ப் பையை மறந்துவிட்டார். நான் எடுத்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் வந்து பையைக் கேட்டார். கவுன்ட்டரிலேயே பிரித்து, மிட்டாய்களைக் கோட்டின் இரண்டு பைகளிலும் வழிய வழியப் போட்டுக்கொண்டார். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். ஜோவுக்கு ஊரே வருமே என்றார். ஆனால் தேவாலயத்துப் பக்கம் போகவில்லை. சாலையைத் தாண்டி எதிரே இருந்த கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றார். பூசை முடிந்து மணி அடித்தது. அப்போதும் அங்கேயே நின்றார். பெர்னியைப் பார்க்கக் கூசுகிறது போல என்று நினைத்து எனக்கு அவர்மேல் எரிச்சல்கூட வந்தது.

கடைக்கும் அந்த நிறுத்துமிடத்துக்கும் நடுவே சாலையில் வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன. ஜோ போடவைத்தவை. பௌலிங் ஆட வருகிறவர்கள் காரை எதிரே விட்டுவிட்டு ஓடிக் கடக்கிறார்கள், யாராவது அடிபட்டுச் சாவார்கள் என்று ஊர்ச் சபையில் கத்திக் கத்தி வாங்கினார். கூடம் போன பின்னும் யாரும் அதை அழிக்கவில்லை. அந்தக் கோடுகள்மேல் ஆள் கால் வைத்தால் வண்டி நின்றாக வேண்டும்.

கறுப்பு வண்டி மேட்டிலிருந்து இறங்கி வந்தது. பின்னால் பெர்னி இருந்த கார், அதன் பின்னால் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்க் கார்கள். எதிரே வந்தவர்கள் ஓரம் கட்டி நின்றார்கள். அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. வண்டி ஓட்டியவன் வெளியூர்ப் பையன். முன்கண்ணாடியில் ஒட்டிய போன் வழி சொல்ல, அதைக் கேட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். எமில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாலையின் வெள்ளைக் கோடுகள்மேல் கால் வைத்து இறங்கினார்.

வண்டி நின்றது.

எமிலின் நடை எங்களுக்குத் தெரியும். சவப்பெட்டிக்கு முன்னால் நடந்து பழகிய நிமிர்ந்த நடை, எழுபது தாண்டியும் தளராதது. அன்று இடுப்பளவு தண்ணீரில் போகிறவர்போல நடந்தார். நடுச்சாலையில் நின்று கைக்குட்டைக்காகப் பைக்குள் கையை விட்டார். மிட்டாய்கள் சிதறின. தார்ச் சாலையில் சிவப்பும் வெள்ளையுமாக உருண்டு ஓடின. எமில் மெல்ல முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

வண்டிக்காரப் பையன் பதறி இறங்கி வந்தான். "பெரியவரே, என்ன ஆச்சு? மயக்கமா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"ஒண்ணும் இல்லை தம்பி. மிட்டாய் விழுந்துருச்சு. உன் வண்டி ஏறுனா நசுங்கிரும்."

"நான் அவசரமா போகணுங்க."

"போலாம் போலாம். உன் காலுக்குக் கீழ ஒண்ணு இருக்கு பாரு."

பையன் குனிந்தான். பாவம், நல்ல பையன்தான். திறந்து விட்டுவந்த கதவு வழியாக, நேராகப் போ, நேராகப் போ என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. பின்னால் கார்க் கதவு திறந்தது. பெர்னி இறங்கி, யாரையும் பார்க்காமல், கறுப்பு வண்டியின் பின்புறத்துக்கு வந்தார். கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கைப்பை தோளிலிருந்து நழுவியது.

எமில் திரும்பவில்லை. சாலையைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோல உரக்கச் சொன்னார்: "கைப்பிடிக்கு அடியில, பெர்னி. உள்பக்கமா அழுத்து."

கதவு திறந்த சத்தம் கேட்டுப் பையன் நிமிர்ந்தான். அவன் திரும்புவதற்குள் எமில் அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு மிட்டாயை வைத்து, விரல்களை மூடினார். மூடியவர் கையை எடுக்கவில்லை. பையன் அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

நான் எப்போது கல்லாவை விட்டு வந்தேன் என்று தெரியவில்லை. ஒரு கால் கடைக்குள், ஒரு கால் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். என் தலைக்கு மேலே கேமரா இருந்தது. சாலையில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பெர்னி ஒரு கையால் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு, எங்கள் கடையைப் பார்த்தபடி நின்றார். தானியங்கிக் கதவு மூட வந்து, என் உடம்பு குறுக்கே இருப்பதைக் கண்டு திரும்பிப் போனது. மறுபடி மூட வந்தது, மறுபடி திரும்பிப் போனது. நான் நகரவில்லை.